மோனிகாவுக்கு ஓர் அலை

தண்ணீர்ப் பைகள் நான்கையும் எலி கடித்திருந்தது. ஏரிக்கரைக் கொட்டகையில் கோவர்தன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். நான்கிலும் வெளிச்சம் தெரிந்தது.

"இன்னிக்கின்னு பாத்துதான் கடிக்கணுமா?"

"மாமனார் வர நாளு எலிக்கு இன்னா தெரியும்?" என்றான் பரணி.

படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கயிற்றைப் பிடித்து வருபவர் விழுந்தால் குரல் கொடுப்பது பரணியின் வேலை. மற்ற நேரங்களில் கோவர்தனின் வயிற்றெரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருப்பான்.

வரதய்யபாளையம் பக்கத்து ஏரி அது. கோவர்தன் அங்கே படகோட்டி. மோனிகா ஸ்ரீசிட்டி தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். லீவு நாளானால் வந்துவிடுவாள். காலில் பலகையை மாட்டிக்கொண்டு, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்குவாள். படகுக்குப் பின்னால் எழும் அலை உயரமாக இருந்தால் அதில் ஏறி அந்தரத்தில் பறப்பாள். அலை உயர வேண்டுமானால் படகின் பின்பக்கம் நன்றாக அமிழ வேண்டும். ஏரித் தண்ணீரை நிரப்பிப் பின்னால் பாரமாக வைக்கத்தான் அந்தப் பைகள்.

கோவர்தனுக்கு அலைதான் உலகம். பாரத்தை ஒரு சாண் நகர்த்தினால் என்ன ஆகும், வேகத்தைத் துளி குறைத்தால் என்ன ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருப்பான். சாம்பாரில் கரண்டியை இழுத்தால்கூடக் கரண்டிக்குப் பின்னால் வரும் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சோறு ஆறிப்போகும். என்றாவது ஒருநாள் கண்ணாடி மாதிரி ஓர் அலை எழும், அதன் மேலிருந்து மோனிகா வானத்துக்குள் போவாள் என்பது அவன் கனவு. அந்தக் கனவைக் கேட்டுத்தான் அவள் அவனைக் காதலித்தாள். பைத்தியத்துக்கும் ஓர் அழகு உண்டு.

அவளுடைய அப்பா ஆதிநாராயணன் நகரியில் பவர்லூம் வைத்திருப்பவர். "பையன் இன்னா பண்றான்னு நேர்ல பாத்துட்டு சொல்றேன்" என்று சொல்லியிருந்தார். கல்யாணம் உண்டா இல்லையா என்பது இன்றைய சவாரியில்தான் இருந்தது.

கார் வந்து நின்றது. மனைவி கமலம்மாவோடு இறங்கினார். ஆஜானுபாகுவான மனிதர். படகுத்துறைப் பலகைகள் அவர் வருவதை ஒவ்வொன்றாக அறிவித்தன. லைஃப் ஜாக்கெட் பட்டை அவர் வயிற்றைச் சுற்றி வராமல், பரணி இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கட்டினான்.

"வாங்க சார், முன்னாடி உக்காருங்க" என்று கோவர்தன் இருக்கையில் புதுத் துண்டை விரித்தான்.

மாமனாராகப் போகிறவரை முன்னால் உட்கார வைக்காமல் வேறு எங்கே உட்கார வைப்பது? அவர் ஒரு நிமிஷம் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு முன்னால் போய் உட்கார்ந்தார். படகின் மூக்கு தண்ணீரில் இறங்கியது, வால் மேலே எழுந்தது.

கமலம்மா நடு இருக்கையில் உட்கார்ந்தார். கிளம்பினார்கள். பின்னால் அலை பாய் விரித்த மாதிரி வந்தது.

"இன்னா கோவர்தன், அலையவே காணோம்?" என்று கயிற்று முனையிலிருந்து மோனிகா கத்தினாள்.

ஆதிநாராயணன் திரும்பினார். "ஏமய்யா, எதுனா கொறையுதா?"

"ஒண்ணும் இல்ல சார். நீங்க சௌகரியமா உக்காருங்க."

கோவர்தன் வேகத்தைக் குறைத்தான். அலை உயர்ந்தது. உயர்ந்த கையோடு நுரையாக உடைந்தது. மோனிகா முழங்கால் வரை அமிழ்ந்து, கயிற்றை விட்டாள்.

"வுழுந்துட்டா" என்றான் பரணி, அது அவன் வேலையாகையால்.

மறுபடி கிளம்பி வேகத்தைக் கூட்டினான். இருந்த அலையும் படுத்துவிட்டது. ஆதிநாராயணனின் சரிகைத் துண்டு பறந்து போனது. அதை எடுக்கப் படகைத் திருப்பினான். தான் கிளப்பிய அலைகளே எதிரே வந்து மோதி, அவர் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டின. மோனிகா அந்தக் குலுக்கலில் இன்னொரு தடவை விழுந்தாள்.

அவர் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார். "பின்னாடி வெயிட்டு கியிட்டு எதுனா பத்தலியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லவே இல்ல சார்!"

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோவர்தன் கரைக்குப் போய், தன் வீட்டுக்கென்று அவர்கள் காரில் கொண்டு வந்திருந்த இரண்டு பெங்களூரா மாங்காய் மூட்டைகளை ஏற்றினான். அவசரத்தில் இரண்டையும் இடது பக்கமே போட்டுவிட்டான். இடது பக்கம் மலை மாதிரி அலை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை. மோனிகா மலையில் ஏறிப் பறந்தாள், இறங்குவதற்கு மறுபக்கத்தில் அலை இல்லாமல் தொப்பென்று விழுந்தாள்.

மூட்டைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தான். பின்னால் இன்னும் பாரம் போதவில்லை. கமலம்மாவிடம் போய், "அம்மா, நீங்க கொஞ்சம் பின்னாடி வரீங்களா? காத்து நல்லா வரும்" என்றான். அவர் வந்தார். படகு குலுங்கியதும் பயந்து எழுந்து புருஷன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். மூக்கு இன்னும் இறங்கியது.

"மாங்காய கட்டிக்கினு அழுவுற. படகோட மொத்த பாரமும் முன்னாடி உக்காந்துக்கினு கீது" என்று பரணி காதில் சொன்னான்.

"வாய மூடுறா."

"ஏமய்யா, கேட்டுக்கினே கீறேன். நான் எதுனா பண்ணணுமா?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க ஆடாம அசையாம உக்காந்தா போதும் சார்!"

மோனிகா தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தாள். மேகத்தையே பார்த்தபடி, கோபமில்லாமல், "போதும் கோவர்தன், கரைக்குப் போலாம்" என்றாள்.

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். இஞ்சினை நிறுத்தினான். ஏரி அமைதியானது. மலையும் மேகமும் தண்ணீருக்குள் இறங்கி நின்றன. இப்படி ஒரு தண்ணீர் இனி என்றைக்குக் கிடைக்கும்? இந்தத் தண்ணீரில் இவள் பறக்காவிட்டால் வேறு எப்போது பறப்பாள்? கல்யாணம் போனால் போகட்டும் என்று ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது.

"மாமா!" என்றான். உறவு தானாக வாயில் வந்துவிட்டது. "நீங்கதான் மாமா வெயிட்டு. முன்னாடி உக்காந்து அலைய அமுக்கிக்கினு கீறீங்க. பின்னாடி வாங்க. நடுவுல உக்காருங்க. அப்பதான் மோனிகா பறப்பா!"

பரணி கண்ணை மூடிக்கொண்டான்.

ஆதிநாராயணன் எழுந்தார். நடந்து வந்து, பின்பக்கம் நட்டநடுவில் உட்கார்ந்தார். படகின் வால் பெருமூச்சு விட்டபடி தண்ணீரில் இறங்கியது.

கோவர்தன் வேகத்தை மெல்ல ஏற்றினான். காதால் கேட்டான், முதுகால் உணர்ந்தான், வேகத்தை ஓர் அளவில் நிறுத்தினான். அலை எழுந்தது. இரு பக்கமும் ஒரே உயரம், நுரையில்லை, பிசிறில்லை, உள்ளே பச்சை வெளிச்சம். மோனிகா அதில் சாய்ந்து ஏறினாள். பிறகு அவளுக்குக் கீழே தண்ணீர் இல்லை. மேலே ஒரு வானம், கீழே ஒரு வானம், நடுவில் அவள். இறங்கவே மாட்டாளோ என்று தோன்றியது. கோவர்தன் சிரித்தானா அழுதானா என்று அவனுக்கே தெரியவில்லை.

கரை சேர்ந்தார்கள். பின்னால் உட்கார்ந்ததில் ஆதிநாராயணன் தலை முதல் கால்வரை நனைந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கோவர்தனுக்குக் கனவு கலைந்தது. பெண் கேட்ட இடத்தில் பெரிய மனிதரைப் பார்த்து வெயிட்டு என்று சொன்னவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். மாற்று வேட்டியோடு காரை நோக்கிப் போன கமலம்மாவின் முன்னால் கைகட்டி நின்றான்.

"அம்மா, அவருக்கு ரொம்பக் கோவமா?"

"கோவமா? பின்னாடி இன்னும் கொஞ்சம் வெயிட்டு இருந்தா பறந்துருவேன் நைனான்னு பொண்ணு ஃபோன்ல சொன்ன நாள்லேர்ந்து, டாக்டர் பேச்சையும் கேக்காம இதுக்குன்னே துன்னு துன்னு ஒடம்ப ஏத்திக்கினு வந்தாரு. நீங்களா கூப்டாம மனுசன் எப்டி மாப்ளே பின்னாடி போய் உக்காருவாரு?"