மானிஸ் குடியிருந்த ஏழு வீடுகள்

"வீட்டுல யாருங்க?"

வாசலில் கேட்ட குரல் தன் புருஷன் குரல் மாதிரியே இருக்கிறதே என்று மஜீதா கதவைத் திறந்தாள். புருஷனேதான். ஷரீஃபுதீன் காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூட விடாமல் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பசைச் சட்டியும் மறு கையில் காகிதமுமாக விறைத்து நின்றார்.

"என்ன மச்சான், வெயில் தலைக்கு ஏறிருச்சா? உள்ள வாங்க."

"வரக்கூடாது. நான் டூட்டியில இருக்கேன். இந்த வீட்டுக்காரம்மா பேரு?"

"பதினாறு வருஷமா சோறு போடுறவ பேரு மறந்துபோச்சாக்கும்!"

"மெல்லப் பேசு புள்ள. பேரைக் கேட்டுட்டுத்தான் நோட்டீஸ் குடுக்கணும். அதுதான் ரூல்."

ஷரீஃபுதீன் குடியிருப்பு மேம்பாட்டுக் கமிட்டி ஆபீஸில் பியூன். ஏழை எளியவர்களுக்கு மலிவு வாடகையில் நல்ல வீடு கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரைமார் கூடிப் பேசி ஏற்படுத்திய கமிட்டி அது. நல்ல வீடு கொடுப்பதற்கு முன்னால் இருக்கிற வீட்டைப் பிடுங்க வேண்டுமே, அந்த வேலையை முதலில் ஆரம்பித்தார்கள். காஜா பெராங் பகுதியில் இந்த ஒரு சந்துக்கு மட்டும் ஏழு நோட்டீஸ். ஆறு வீட்டில் வயிறு நிறையத் திட்டு வாங்கிக்கொண்டு, ஏழாவதாகத் தன் வீட்டுக்கு வந்திருந்தார் மனுஷர்.

"லோங்காங் இல்லை, கழிவுத்தண்ணி ஓட வழியில்லை. ஜன்னல் பத்தாது. தரை மண்தரை" என்று இங்கிலீஷ் நோட்டீஸைத் தமிழில் சொன்னார். "அதனால இந்த வீடு மனுஷர் குடியிருக்கத் தகுதியில்லை. முப்பது நாள்ல காலி பண்ணணும். அப்புறம் இடிச்சுருவாங்க."

"இடிச்சுட்டு நாம எங்க போறது?"

"கடலோரமா கிளேபாங்ல புது லைன் வீடு தருவாங்க. ஒரு ரூம். அடுப்பு மட்டும் நாலு குடும்பத்துக்குப் பொது."

மஜீதாவுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது. இந்த வீடு அவள் வாப்பா கல்யாணத்தின்போது அவள் பேருக்கு எழுதிக்கொடுத்தது. இதன் அடுப்படியில்தான் அவள் தினமும் இடியாப்பம் அவிக்கிறாள். காலையில் அடுத்த பேட்டையான தெங்கேராவிலிருந்துகூட ஆள் வந்து வரிசையில் நிற்கும். பொது அடுப்பில் முறை வைத்து அவித்து, கிளேபாங் கடலுக்கா விற்க முடியும்? வீடு போனால் பிழைப்பும் போயிற்று.

"போகமாட்டேன்" என்றாள். "உங்க துரையே வந்து தூக்கினாலும் போகமாட்டேன்."

நோட்டீஸைப் பிடுங்கி, இடியாப்பக் குழலில் ஒட்டியிருந்த எண்ணெயை அதனால் அழுத்தித் துடைத்தாள்.

"யா அல்லாஹ்! அது சர்க்கார் காகிதம்!"

"அதான் நல்லா உறிஞ்சுது."

மறுநாளே சானிட்டரி இன்ஸ்பெக்டர் வைத்திலிங்கம் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். தொப்பி இல்லாமல்கூட வெளியே கிளம்புவார், சட்டப் புத்தகம் இல்லாமல் கிளம்பமாட்டார்.

"அம்மா, நோட்டீஸைக் கிழிச்சதுக்கு வேற நோட்டீஸ் இருக்கு. எழுதட்டோ?"

"கிழிக்கல. துடைச்சேன்."

"நான் என்ன செய்யிறது? இது மனுசர் இருக்கேலாத வீடு. சட்டம் அப்பிடி."

மஜீதா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மனுஷர்தானே இருக்கக்கூடாது? மாடு இருக்கலாமா?"

இருபது வருஷச் சேவையில் இன்ஸ்பெக்டரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"மாடெண்டால்... அது வேற அத்தியாயம்."

"அப்ப அந்த அத்தியாயத்துல எழுதிக்கங்க. இது மாட்டுக் கொட்டகை. மாட்டைப் பார்த்துக்கிறவ நான். நான் கூட இருக்கலாமா?"

"பராமரிக்கிற ஆளும் குடும்பமும் மாட்டோட இருக்கத்தான் வேணும்" என்று அவர் விரல் வைத்துப் படித்தார். "மாடு எங்கை?"

"மேயப் போயிருக்கு. நாளைக்கு வாங்க."

பக்கத்தில் நின்ற ஷரீஃபுதீன் கழுத்துப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தன் வீட்டில் மாடு மட்டுமல்ல, மாட்டின் படம்கூடக் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

மாடு இருந்தது சந்துக் கடைசியில், பிச்சையிடம். பிச்சை சிட்டி சமூகத்துக்காரர்; பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து, மலாய் பேசியே பழகிப்போன தமிழ் இந்துக்கள் அவர்கள். சாமி கும்பிடும்போதுகூட மலாயில்தான் வேண்டிக்கொள்வார். மஜீதாவிடம் பேசும்போது மட்டும் அரைகுறைத் தமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருவார். அவருடைய பசுவின் பெயர் மானிஸ். செவலை நிறம். இடது கொம்பின் நுனி உடைந்திருக்கும்.

"அடோய் அக்கா! மானிஸ் என் பிள்ளை மாதிரி" என்றார் பிச்சை. பிறகு சந்தேகமாக, "ஹஜ்ஜுப் பெருநாள் எப்ப வருது?" என்று கேட்டார்.

"அதுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு! உங்க வீடும்தான் இடியப்போவுது, இப்ப போயி உங்களுக்கு இந்தக் கவலையா?"

பிச்சை கயிற்றை அவிழ்த்தார். மறுநாள் காலையில் மானிஸ் மஜீதாவின் முன் அறையில் நின்று, ஷரீஃபுதீனின் தொழுகைத் தொப்பியை முகர்ந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் பார்த்தார். முகம் கறுத்தது.

"இது கொட்டகைச் சட்டத்துக்குச் சரிவராது. சீமெந்து நிலம் வேணும். கான் வெட்டவேணும். மாட்டுக்குக் காத்து வர மூண்டு யன்னல் வேணும். தண்ணிப் பைப்பும் வேணும்."

"அதுக்கு நான் எங்க போவேன்?"

"நீங்கள் ஏன் போறியள்? பால் விருத்தித் திட்டமெண்டு ஒண்டு இருக்கு. கமிட்டியே செய்து தரும். ரெண்டு வருசமா ஒருத்தரும் அதுக்கு வரேல்லை. துரை என்னைத்தான் ஏசுறார்" என்று சொன்னபோது இன்ஸ்பெக்டரின் குரலில் சந்தோஷம்கூடத் தட்டுப்பட்டது.

பத்தே நாள். வண்டி வண்டியாகச் சிமெண்ட் வந்தது. லோங்காங் வெட்டினார்கள், சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள், அடுப்படிக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ப் பைப் வந்து நின்றது. நாலு பக்கமும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள்.

"மனுஷனா இருந்து என்னத்தக் கண்டோம் மச்சான்" என்று மஜீதா பைப்பைத் திறந்து திறந்து மூடினாள். "முதல்லயே மாடாப் போயிருக்கலாம்."

மாலைக்குள் சந்தே திரண்டு அவள் வாசலில் நின்றது. அடுத்த வீட்டு சபியா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உங்க வீடு தப்பிச்சுருச்சு லாத்தா. எங்க கதி? எங்களுக்கும் ஒரு மாடு வேணும்."

"ஒரு மாடுதானே இருக்கு?" என்றார் ஷரீஃபுதீன்.

"கால் இருக்குல்ல அதுக்கு? நடக்கும்" என்றாள் மஜீதா.

நடந்தது. இன்ஸ்பெக்டர் செவ்வாய்தோறும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஏழாவது வீடு வரைக்கும் முன்வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவார். மானிஸ் கொல்லை வழியாக அவருக்கு முன்னால் போகும். மஜீதா வீட்டில் சும்மா நிற்கும். சபியா வீட்டில் கழுத்தில் மல்லிகைச் சரம். மூன்றாம் வீட்டில் நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டு. நாலாம் வீட்டில் முதுகில் சாக்கு. கடைசியில் சொந்த வீட்டுக்கு வரும்போது பிச்சை அவசர அவசரமாக பூவையும் சாக்கையும் கழற்றி, பொட்டைத் துடைத்துவிட்டு, காலையிலிருந்து அங்கேயே கட்டிக்கிடந்த மாடு போல அதன் முதுகைத் தடவிக் கொடுப்பார்.

ஒரு மாதத்தில் ஏழு வீட்டிலும் சிமெண்ட் தரை, ஏழு வீட்டிலும் பைப். சந்து பளபளவென்று மின்னியது. மானிஸ் மட்டும் நடந்து நடந்து இளைத்துப்போயிற்று.

அடுத்த செவ்வாய் இன்ஸ்பெக்டர் ஏழாவது வீட்டை விட்டு வெளியே வந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சட்டப் புத்தகத்தை மூடினார்.

"ஷரீஃபுதீன், ஒண்டு கவனிச்சனீரோ? ஏழு மாட்டுக்கும் இடப்பக்கக் கொம்பு நுனி உடைஞ்சிருக்கு."

ஷரீஃபுதீன் சந்தின் கோடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அது... இந்தப் பக்கத்து மாடுங்க அப்படித்தான் சார்."

"இல்லை. இது ஏதோ தொத்து வியாதி. மெலிஞ்சும் போச்சுதுகள். நான் துரைக்கு எழுதப்போறன்."

எழுதியேவிட்டார். துரையிடமிருந்து உத்தரவு வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழு மாடுகளையும் ஒரே நேரத்தில் சந்தில் வரிசையாக நிறுத்த வேண்டும்; துரையே வந்து பார்ப்பார்; மாடு இல்லாத கொட்டகை உடனே இடிக்கப்படும். அந்த உத்தரவையும் வீடு வீடாகக் கொடுத்தவர் ஷரீஃபுதீன்தான்.

"நம்ம வீடும் போச்சு, என் வேலையும் போச்சு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "இல்லாத மாட்டை ரிஜிஸ்டர்ல எழுதவெச்சதுக்கு ஜெயில்கூட உண்டு புள்ள."

வியாழனுக்கு இருந்த இரண்டு நாளும் சந்தில் அடுப்பு எரியவில்லை. கட்டை வண்டிக்காரர் ஒருவரிடம் கெஞ்சி இரண்டு எருதுகளைக் கொண்டுவந்தார்கள். பால் எங்கே என்று துரை கேட்டால் என்ன சொல்வது? திருப்பி அனுப்பினார்கள். ஓர் ஆட்டுக்குத் துணியால் கொம்பு கட்டிப் பார்த்தார்கள். அது கொம்பைத் தின்றுவிட்டது. பிச்சை மானிஸின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "காசிஹான், காசிஹான்" என்று பரிதாபப்பட்டு அழுதார்.

வியாழக்கிழமை காலையில் மஜீதா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"போதும்! எல்லாத்தையும் அவிழ்த்து விடுங்க. இனி ஒரு பொட்டு வேணாம், பூ வேணாம். நான் பேசிக்கிறேன்."

பத்து மணிக்குத் துரையின் மோட்டார் வந்து நின்றது. துரை இறங்கினார். பின்னால் இன்ஸ்பெக்டர். அவருக்கும் பின்னால் ஃபைல் கட்டைச் சுமந்துகொண்டு ஆபீஸின் கிழட்டுக் குமாஸ்தா. சந்தின் நடுவில் மானிஸ் தன்னந்தனியாக நின்றது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மஜீதா.

துரை ஏழு என்று விரல் காட்டினார்.

"ஏழு இல்லை. ஒண்ணுதான்!" மஜீதாவின் குரல் சந்தின் மறுகோடிவரை கேட்டது. "எப்பவும் ஒண்ணுதான். நான்தான் இதை ஏழு வீட்டுக்கும் நடக்கவெச்சேன். வேற யாரையும் கேக்காதீங்க, என் புருஷனையும் கேக்காதீங்க. மாட்டுக்குக் குடுக்கத் தண்ணி இருக்கு, சிமெண்ட் இருக்கு, காத்து இருக்கு. மனுஷனுக்கு மட்டும் நோட்டீஸா? ஜன்னல் இல்லைன்னா ஜன்னல் வையுங்க! வீட்டை எதுக்கு இடிக்கிறீங்க? இடிக்கிறதா இருந்தா நான் உள்ள இருக்கும்போதே இடிங்க!"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார். காரத்தில் பாதியைத்தான் அவரால் இங்கிலீஷில் கொண்டுபோக முடிந்தது. ஷரீஃபுதீன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

துரை முதல் வீட்டுக்குள் போனார். கைத்தடியால் தரையைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், பைப்பைத் திருகினார். ஏழு வீட்டையும் அப்படியே பார்த்துவிட்டு வெளியே வந்து, முகம் சிவக்க நெடுநேரம் பேசினார்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "துரை சொல்லுறார், இந்த ஏழு வீடும் மாடு இருக்கிறதுக்கு ஏற்றதில்லையாம். இவ்வளவு நல்ல வீட்டில மாட்டைக் கட்டினது பெரிய பிழையாம். இனி மனுசர் மட்டும்தான் இருக்கவேணுமாம். நோட்டீஸ் ஏழும் ரத்து."

சந்து ஆரவாரித்தது. சபியா மஜீதாவைக் கட்டிக்கொண்டாள். பிச்சை மாட்டை முத்தமிட்டார். ஷரீஃபுதீன் முதல் முறையாகக் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

துரை மோட்டாரில் ஏறி உட்கார்ந்தார். ஜெயித்த வேகத்தில் மஜீதா விடுவதாக இல்லை. கிளம்பப் போன குமாஸ்தாவை மறித்தாள்.

"நில்லுங்க! நல்லா இருந்த ஏழு வீட்டையும் மனுஷர் இருக்க லாயக்கில்லைன்னு உங்ககிட்ட வந்து சொன்ன புண்ணியவான் யாரு? பேரைச் சொல்லுங்க. அந்த வாயில சாணியைக் கரைச்சு ஊத்துறேன்!"

"ஆமா, பேரைச் சொல்லுங்க!" என்றது சந்து. சபியா துடைப்பத்தையே கையில் எடுத்துவிட்டாள்.

குமாஸ்தா நிதானமாக ஃபைல் கட்டை அவிழ்த்து, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை உருவினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் படித்தார். பிறகு மஜீதாவைப் பார்த்தார்.

"மூணு வருஷத்துக்கு முந்தி லோங்காங் வேணும்னு கேட்டு வந்த மனு இதும்மா. 'எங்க சந்துல இருக்கிற ஏழும் மனுஷர் குடியிருக்கிற வீடா, மாட்டுக் கொட்டகைகூட இதைவிட மேல்'னு எழுதி, கீழே 'இப்படிக்கு மஜீதா'ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."