டிராக்டருக்குக் குளிர் கண்ட விஜயதசமி

கிள்ளானில் குளிரடிக்கிறது என்று நாலு பேர் முன்னால் அடித்துச் சொன்ன மனிதன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். சொன்னபோது என் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

முப்பதுகளில் நடந்த கதை. கிள்ளான் வருஷமெல்லாம் புழுங்குகிற ஊர். அங்கே ஒரு துரை பங்களாவில் எனக்குத் தோட்ட வேலை. புல் வெட்டுவதற்காகத் துரை சீமையிலிருந்து ஒரு சின்ன டிராக்டரை வரவழைத்திருந்தார். அதை ஓட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது. திறமையைப் பார்த்துக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் அதன் சத்தத்துக்குப் பயந்தார்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

டிராக்டரைக் கொண்டுவந்த கம்பெனி ஆள் எனக்கு வைத்தியம் சொல்லிக் கொடுத்தான். "கிளம்பலன்னா முதல்ல டாங்கி மூடியத் தொறந்து எண்ணெய் இருக்கான்னு பாரு. குளிர்ல இஞ்சின் லேசில எழும்பாது. சூடு காட்டு." கடைசியில் சொன்னது சீமைக்குத்தான் பொருந்தும் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. (கேட்கிற புத்தி இருந்தால் இந்தக் கட்டுரை ஏது?)

அந்தச் சமயத்தில்தான் செந்தூலில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் பெயர் கண்ணம்மா. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு ரசம் ஊற்றியவள். அன்றைக்குப் பிறகு வேறு யார் வைத்த ரசத்தையும் நான் மதித்ததில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இலையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. வயசெல்லாம் நீராவி இஞ்சினோடு கழித்தவர். "இஞ்சின் தெரிஞ்ச பையன்னு சொல்றீங்க. ஓட்டிக் காட்டட்டும். பாத்துட்டுத்தான் வெத்தலை பாக்கு மாத்துறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். விஜயதசமி நல்ல நாள், காலையில் வருகிறோம் என்றும் தகவல் வந்தது.

முதல் நாள் ஆயுத பூஜை. என் வாழ்க்கையே அந்த டிராக்டர் கையில் இருந்ததால் பூஜையில் குறை வைக்கவில்லை. சக்கரத்துக்குச் சந்தனம், ஹேண்டிலுக்குச் சந்தனம். டாங்கி மூடி மட்டும் உருண்டையாக, அசல் நெற்றி மாதிரியே இருந்தது. அதற்கு உள்ளங்கை நிறைய அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். இரவெல்லாம் மழை.

காலையில் கண்ணம்மாவின் அப்பா கோட்டு, தலைப்பாகை சகிதம் வந்து நின்றார். கூடவே அவருடைய அக்கா, கண்ணம்மாவின் அத்தை. நான் சாமி கும்பிட்டு ஹேண்டிலைச் சுற்றினேன். ஒரே சுற்றில் டிராக்டர் கிளம்பியது. நான் நெஞ்சை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்து பத்தடி போவதற்குள் இருமியது, நின்றுவிட்டது. மறுபடி சுற்றினேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

"என்னாச்சு தம்பி?"

"குளிர் மாமா. ராத்திரி மழை இல்லையா? இஞ்சினுக்கு ஆகாது."

அவர் யோசித்தார். நீராவிக்காரர் அல்லவா? "ஆமாமா. சூடு பத்தலை. வெந்நி கொண்டா" என்றார்.

பங்களாக் குசினி அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்து எண்ணெய் பார்த்தேன். மூடினேன். கலைந்த சந்தனத்தைப் பயபக்தியோடு திரும்ப அப்பினேன். இஞ்சின் மேல் வெந்நீர் ஊற்றிச் சுற்றினால், அட, கிளம்பிவிட்டது! "பாத்தியா!" என்றார் மாமா. சொல்லி வாய் மூடுவதற்குள் நின்றது.

"சூடு தங்க மாட்டேங்குது" என்று தீர்மானித்தோம். என் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினேன். மறுபடி எண்ணெய் பார்த்தேன், மறுபடி சந்தனம் அப்பினேன், மறுபடி வெந்நீர். கிளம்பியது, நின்றது. மாமா தன் கோட்டைக் கழற்றி அதற்கு மேல் போர்த்தினார். அந்தக் கோட்டை அவர் மழைக்குக்கூடக் கழற்றியதில்லையாம்.

சத்தம் கேட்டுத் துரைசானி வராந்தாவுக்கு வந்தாள். என்ன சங்கதி என்று கேட்டாள்.

"கோல்டு, மேடம்" என்றேன்.

அவள் கையில் விசிறி இருந்தது. விசிறுவதை நிறுத்தி என்னையே பார்த்தாள். பிறகு டிராக்டரைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

என் தைரியமும் அவளோடு உள்ளே போய்விட்டது. கண்ணம்மாவின் ரசம் இனி வேறு எவனோ இலையில்தான் என்று தோன்றியது. அழுகை வந்தது. வியர்வை மாதிரித் துடைத்துக்கொண்டேன்.

இவ்வளவு நேரமும் அத்தை ஓரமாகத்தான் நின்றிருந்தார். திடீரென்று முன்னால் வந்தார். "ஏம்பா, நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். இதுவா பொட்டு வைக்கிற லட்சணம்? சந்தனத்தை யாராச்சும் உச்சந்தலையில அப்புவாங்களா? முகத்துல வைக்கணும்லா!"

வெந்நீரில் துணியை நனைத்து மூடியை அழுத்தித் துடைத்தார். கொண்டை ஊசியை உருவி, மூடியில் ஒட்டிக் காய்ந்திருந்ததையெல்லாம் இண்டு இடுக்கு விடாமல் சுரண்டினார். பிறகு டிராக்டரின் முன்பக்கம் போய், அளவாக ஒரு பொட்டு வைத்தார். "இப்ப சுத்து."

சுற்றினேன். புல்தரை முழுவதும் ஓடியது. கம்பளியும் கோட்டும் வழியில் விழுந்தன. நான் ஓட்டிக்கொண்டே மூடியைக் குனிந்து பார்த்தேன். நடுவில் ஊசி முனையளவு ஒரு துளை. டாங்கி மூச்சு விடுகிற துளை அது! காற்று உள்ளே போகாமல் எண்ணெய் எப்படி இறங்கும்? மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று போயிருக்கிறது, கிளம்பியிருக்கிறது. பெயர் வாங்கியது வெந்நீர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கௌரவமாகப் போயிருக்கும். நான் கத்தினேன். "மாமா! குளிரே இல்ல மாமா! நாந்தான் சந்தனத்தால மூச்சை அடைச்சிட்டேன்!"

மாமா தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். புல்லில் கிடந்த கோட்டைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார் என்று இன்றுவரை நம்புகிறேன். அத்தை முந்திக்கொண்டார். "இவ்வளவு சந்தனம் பூசுறவன் கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டான்டா. வெத்தலையை மாத்து."

கல்யாணத்தன்று நலங்கு வைக்க வந்தவரும் அதே அத்தைதான். சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை, எங்கெங்க துளை இருக்குன்னு முதல்லயே சொல்லிடுங்க" என்றார். மந்தக் காதுக்கே கேட்டது.

எங்களுக்குப் பேரப்பிள்ளைகள் வந்தாயிற்று. இன்றும் நான் கோபித்துக்கொண்டு மூலையில் பேசாமல் உட்கார்ந்தால், கண்ணம்மா ஒன்றும் கெஞ்ச மாட்டாள். ரசத்தைத் தாளித்துக்கொண்டே பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்:

"தாத்தா நெத்தியத் தொடைச்சு விடுங்கடா. கிளம்பிடுவாரு."