கொசு இல்லாத தெரு

எதிர் வீட்டுக் கீர்த்திக்கு டெங்கு என்று பரிசோதனையில் தெரிந்து, அவளை ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு உள்ளே வந்த புஷ்பவல்லிக்குப் போன் அடித்தது. ராயபுரத்திலிருந்து சம்பந்தி அன்புக்கரசி.

"சம்மந்தி, உங்க தெருவுல கொசு எப்டி கீது?"

புஷ்பவல்லி திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் மகள் நர்மதா நிறைமாத வயிற்றின் மேல் தட்டை வைத்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று போன மாதம்தான் வளைகாப்பு முடித்து எர்ணாவூருக்கு அழைத்து வந்தார்கள்.

"இங்க ஏது சம்மந்தி கொசு? கடல் காத்து அடிக்கிற ஊரு. ஒண்ணுகூட நிக்காது."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒன்று வந்து அவள் முழங்கையில் உட்கார்ந்தது. சப்பென்று அடித்தாள்.

"அது இன்னா சத்தம்?"

"மீன் வெட்டிகினு கீறேன்."

அந்தப் பக்கமும் சப்பென்று ஒரு சத்தம் கேட்டது. அன்புக்கரசி வடை தட்டுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

புஷ்பவல்லிக்கு இரண்டு பயங்கள் இருந்தன. கொசு தன் மகளைக் கடித்துவிடுமோ என்பது ஒன்று. தெருவில் டெங்கு என்று தெரிந்தால் சம்பந்தி வந்து மகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்பது இன்னொன்று. மளிகைக்கடை சீனியம்மாளுக்குப் போன வருடம் அப்படித்தான் ஆனது. வீட்டில் யாருக்கோ இருமல் என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துப் போய்விட்டார்கள். பேரனை அவள் முதன்முதலாகப் பார்த்தது பெயர் வைத்த அன்று, பந்தியில் இலை போடும் கூட்டத்துக்கு நடுவில். பருப்பு நிறுக்கும்போதுகூட அதைச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். புஷ்பவல்லிக்கு இருப்பது ஒரே மகள்.

முதல் பயத்துக்காகக் கொசுவலை வாங்கலாம் என்று கணவன் கருணாகரனிடம் சொன்னாள். புயல் எச்சரிக்கையில் படகைக் கரையேற்றிவிட்டு வீட்டில் சும்மா இருந்த அவனுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"இன்னாமே, வலைக்காரன் வூட்ல வலை வாங்குனான்னு கேட்டா குப்பமே சிரிக்கும்."

படகிலிருந்து இறால் வலையை அள்ளிக்கொண்டு வந்தான். கண் பெரிதாக இருக்கிறதே என்றதற்கு நான்காக மடித்தான். கட்டிலைச் சுற்றி அழகாகக் கட்டினான். மதியத்துக்குள் தெருவில் இருந்த பூனைகள் அத்தனையும் கட்டிலடியில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒன்று வலையில் ஏறிச் சிக்கிக்கொண்டு போட்ட கத்தலில் நர்மதாவுக்கு வயிறு இறுகியது. பிரசவ வலியோ என்று புஷ்பவல்லி பாதிச் சேலையோடு ஆட்டோவுக்கு ஓடினாள். வலி இல்லை. கருணாகரன் வலையைக் கிழித்துப் பூனையை எடுத்தான். பிறகு கிழிந்ததைத் தைக்க உட்கார்ந்தான். நாற்றம் தாங்காமல் நர்மதா பகலெல்லாம் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டு, இருட்டியதும் மூக்கைப் பொத்திக்கொண்டு வலைக்குள் போனாள்.

வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சிப் பெண் கார்குழலி, வாசலில் இருந்த நர்மதாவைப் பார்த்ததும் நின்றாள்.

"யக்கா, இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். நாள் பூரா வெளிய குந்திகினு, ராத்திரிக்கு வலைக்குள்ள போனா இன்னா பிரயோஜனம்?"

புஷ்பவல்லி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. மறுபடி தொட்டாள். இன்னும் சுட்டது.

"மா, ஐஸ் மீன் கழுவுன கைய வெச்சா எல்லாந்தான் சுடும்" என்றாள் நர்மதா.

கார்குழலி போகும்போது தண்ணீர்ப் பீப்பாய்களை மூடி வைக்கச் சொன்னாள். இந்தக் கொசு சாக்கடைக்குப் போகாது, நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும் என்றாள். லாரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில் பீப்பாய் இல்லாத வீடு ஏது? புஷ்பவல்லி வீட்டுப் பின்புறம் மூன்று நீலப் பீப்பாய்கள் நின்றன. கருணாகரன் படகின் தார்ப்பாயைக் கொண்டுவந்து மூன்றையும் சேர்த்துப் போர்த்தினான். புயலுக்கு அவிழாத முடிச்சுகள் போட்டான். அதன்பிறகு ஒரு குடம் தண்ணீர் எடுக்கவே அவனைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்றிரவு மழை பெய்தது. பீப்பாய்களுக்கு நடுவே தார்ப்பாய் தொய்ந்து, அதில் கண்ணாடி மாதிரி மழைத் தண்ணீர் நின்றது. துணி அலச ஆகுமே என்று புஷ்பவல்லி அதைக் கொட்டாமல் விட்டுவைத்தாள்.

சம்பந்தி விடவில்லை. தினமும் போன். இப்போது கேள்விகள் வேறு மாதிரி வந்தன. வீட்டில் எத்தனை அறை? மாடியில் யாராவது இருக்கிறார்களா? மின்விசிறி ஓடுகிறதா? தண்ணீர் தாராளமாக வருகிறதா? ஒவ்வொரு கேள்வியும் புஷ்பவல்லிக்குப் பரீட்சையாக இருந்தது. குறை சொல்லிப் பெண்ணைக் கூட்டிப்போகத்தான் காரணம் தேடுகிறாள் என்று நினைத்து எல்லாவற்றையும் பெருக்கியே சொன்னாள். மாடி அறை காலி, விசிறி புயல் மாதிரி சுற்றும், தண்ணீர் வழிகிறது, இந்தத் தெருவில் காய்ச்சல் என்ற பேச்சே கிடையாது.

அன்புக்கரசி ஒவ்வொன்றுக்கும் "அப்டியா, அப்டியா" என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சுதான் புஷ்பவல்லியைத் தூங்கவிடாமல் செய்தது.

மருமகனிடமாவது விசாரிக்கலாம் என்றால், திலீப் ஆழ்கடலுக்குப் போய்ப் பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் படகில் ஏறியிருந்தான். புயலுக்குப் பயந்து அந்தப் படகு ஆந்திரப் பக்கம் ஏதோ துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தது. போன் எடுக்கவில்லை.

ஒருநாள் சம்பந்தி வீடியோவில் வந்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். புஷ்பவல்லி போனைத் தூக்கிப் பிடித்து மாடிப்படி ஏறும்போது, தெருமுனையில் தடதடவென்று கொசுப்புகை இயந்திரம் வந்தது. நிமிடத்தில் வீடு வெள்ளையாகிப் போனது. போனில் புஷ்பவல்லியின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது.

"இன்னா சம்மந்தி, ஒண்ணியும் தெரியல?"

"சாம்பிராணி" என்றாள் புஷ்பவல்லி இருமலை விழுங்கிக்கொண்டு. "வெள்ளிக்கிழமையாச்சே."

"செவ்வாக்கிழமைதானே சம்மந்தி."

"எங்க தெருவுல செவ்வாய்க்கும் போடுவோம்."

புகைக்குள் எங்கிருந்தோ கருணாகரன் இருமினான். "ஏமே, கொசு சாவுதோ இல்லியோ, நான் செத்துருவேன்."

புஷ்பவல்லி போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். சம்பந்திக்குக் கேட்டதா இல்லையா என்று அன்று முழுவதும் கணவனிடமே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கார்குழலி டார்ச் விளக்கோடு வந்தாள். கருணாகரனை ஓர முடிச்சுகளை மட்டும் அவிழ்க்கச் சொல்லிப் பீப்பாய்களுக்குள் அடித்துப் பார்த்தாள். சுத்தம். புஷ்பவல்லி நிம்மதியாக மூச்சுவிடும்போது, கார்குழலி தான் கொண்டுவந்த நீளக் கரண்டியைத் தார்ப்பாயின் மேல் நின்ற மழைத் தண்ணீரில் விட்டு எடுத்தாள். கரண்டியில் நூல் துண்டுகள் போலப் புழுக்கள் துள்ளின.

"டிரம்முக்குள்ள ஒண்ணுகூட இல்லக்கா. மூடி மேலதான் குடும்பமே கீது."

புஷ்பவல்லி திறந்து கிடந்த நாட்களில் இந்தப் பீப்பாய்களிலிருந்துதான் கீர்த்தியைக் கடித்த கொசு போயிருக்குமா என்று கேட்டாள். அதை யாரும் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது என்று கார்குழலி சொன்னாள். தண்ணீரை மண்ணில் கவிழ்த்துவிட்டு, வாசல் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் புழு இருந்த வீடு என்று குறி போட்டாள். மகளுக்குப் பிரசவம் ஆகும்வரையாவது அது வேண்டாம் என்று புஷ்பவல்லி கெஞ்சினாள். குறி போடாவிட்டால் தன் வேலை போய்விடும் என்றாள் கார்குழலி. அவள் தெருமுனை திரும்பியதும் கருணாகரன் ஆணி அடித்து, குறியின் மேல் தினசரிக் காலண்டரை மாட்டினான். வாசலில் காலண்டர் மாட்டிய வீட்டைத் தெருவே நின்று பார்த்துவிட்டுப் போனது.

அன்று மாலை சம்பந்தி பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்குக் காலைல நானே வரேன் சம்மந்தி. போன்ல சொல்ற விசயம் இல்ல. நேர்ல பேசிக்கலாம்."

புஷ்பவல்லிக்குப் புரிந்துவிட்டது. இரவெல்லாம் விசிறியால் மகளுக்கு வீசிக்கொண்டே யோசித்தாள். எதிர் வீடு பூட்டிக்கிடந்தது. கீர்த்திக்கு இன்னும் ரத்த அணுக்கள் ஏறவில்லை என்று சொன்னார்கள். தன் வீட்டு மூடியில் துள்ளிய புழுக்கள் கண்முன் வந்தன. பேரன் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்போம் என்றால், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளை நன்றாகப் பிறந்தால் போதும்.

விடிந்ததும் நர்மதாவின் துணிகளைத் தானே பையில் அடுக்கினாள். நர்மதா அழுதாள். கருணாகரன், தைத்து முடித்த வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அன்புக்கரசி இறங்கினாள். கையில் பெரிய பெட்டி. மகள் துணியை வைத்துக் கொண்டுபோகப் பெட்டியோடுதான் வந்திருக்கிறாள் என்று புஷ்பவல்லி நினைத்தாள். சம்பந்தி வாயைத் திறக்குமுன் அவள் பேசிவிட்டாள்.

"நீங்க ஒண்ணியும் சொல்ல வாணாம் சம்மந்தி. நான் சொன்னது அத்தினியும் பொய். தெருவுல டெங்கு கீது. எங்க வூட்டாண்டயே புழு இருந்துச்சு." காலண்டரைக் கழற்றிக் குறியைக் காட்டினாள். "எம் பொண்ண உங்க வூட்டுக்குக் கூட்டினு போய்டுங்க. அங்க பத்திரமா இருக்கட்டும்."

அன்புக்கரசி சுவரைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், பெட்டியின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஆட்டோவின் பின்னாலிருந்து ஓட்டுநர் யாசின் ஒரு கையில் டேபிள் ஃபேனும் இன்னொரு கையில் குக்கருமாக வந்தான்.

"யக்கா, இத்தெல்லாம் மாடி ரூம்லதானே வெக்கணும்? இன்னும் ரெண்டு ட்ரிப் கீது, அவுங்க தெருவுல வூட்டுக்கு ஒருத்தரு டெங்குல படுத்துகினு கீறாங்க, கொசுவே இல்லாத தெரு உங்குளுதுதான்னு குடும்பமே கிளம்பிடுச்சு."