நான்கு ரெசிஸ்டர் வெளிச்சம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு மனித இனத்தின் வெளிச்ச வரலாற்றில் இரண்டாவது பெரிய நிகழ்வு நடந்தது. முதலாவது, நெருப்பு. அதைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லாததால் நீர்வழிப் பராமரிப்புத் துறை அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நிகழ்வு நடந்த இடம் துறையின் பழுதுபார்ப்பு அறை. ஒரு மேசை, ஒரு முக்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். முக்காலியில் இருந்தவரை எல்லோரும் ஈயக்காரர் என்பார்கள். இருபத்திரண்டு வருடம் ஈயம் வைத்துப் பற்றவைத்ததில் அவருடைய விரல்களில் ரேகை போய்விட்டது. வாசலில் இருந்த வருகைப் பதிவுக் கருவி அவரை ஏற்க மறுத்தது. அதனால் பல நாட்கள் அவர் வேலைக்கு வராதவராகவே வேலை பார்த்தார்.

அன்று அவர் முன்னால் நின்றவர் அவருடைய தங்கை கணவர். அதே துறையில் குழாய் பார்ப்பவர். நகரத்துக்கு அடியில் போகும் பெரிய மழைநீர்க் குழாயில் ஒரு மூடியைத் திறந்து இறங்குவார். நாற்பது நிமிடம் நடந்து அடுத்த மூடி வழியாக ஏறுவார். பாதி வழியில் குழாய் மூன்றாகப் பிரியும். நடுக்குழாயில் போனால் வெளியே வரலாம். மற்ற இரண்டும் ஆழமான கிணறுகளில் போய் முடிகின்றன. போய்ப் பார்த்தவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை. வரைபடத்தில் அப்படி இருக்கிறது.

"மச்சான், இந்த டார்ச்ச வச்சுக்கிட்டு மேல இருக்கிற விரிசலே தெரிய மாட்டேங்குது. ஏதாவது பண்ணேன்."

"பண்ணலாம் மாப்ள. ஆனா எரியுற நேரம் குறையும்."

"எவ்வளவு குறையும்?"

"இப்ப ஒன்றரை மணி நேரம் எரியுது. முக்கா மணி ஆயிரும்."

மாப்பிள்ளை மனதுக்குள் கழித்துப் பார்த்தார். "நாப்பது நிமிஷம் எனக்கு. மிச்சம் அஞ்சு நிமிஷம் உன் தங்கச்சிக்கு. பண்ணு."

டார்ச்சின் வயிற்றுக்குள் காசு அளவில் ஒரு வட்டத் தகடு உண்டு. பேட்டரியிலிருந்து பல்புக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று அதுதான் முடிவு செய்கிறது. தகட்டின் மேல் எள்ளளவில் ஒரு கறுப்புச் செங்கல். அது ரெசிஸ்டர். போகிற மின்சாரத்தைத் தகடு அதை வைத்துத்தான் அளக்கிறது. அதன் தலையில் அதே போல் இன்னொன்றை வைத்துப் பற்றவைத்தால் தகடு ஏமாந்துவிடும். ஒரு பங்கு கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு பங்கு கொடுக்கும். துறையில் இதற்கு நேர்மாறாக இயங்கும் ஆட்களே அதிகம்.

ஈயக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார். மூச்சை நிறுத்தினார். இடுக்கியால் எள்ளின் மேல் எள்ளை வைத்தார். பக்கத்துக்கு ஒரு பொட்டு ஈயம். மணி பதினொன்று பத்து.

இது இத்தோடு நின்றிருந்தால் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் செய்த உதவியாகச் சுருங்கிப் போயிருக்கும். நல்லவேளையாக இயக்குநர் பார்த்துவிட்டார்.

மாப்பிள்ளை டார்ச்சை நடைக்கூடத்தில் அடித்துப் பார்த்தபோது எதிரே இயக்குநர் வந்துகொண்டிருந்தார். கண்ணைக் கசக்கினார். தன் பையிலிருந்த டார்ச்சை எடுத்துப் பக்கத்தில் அடித்தார். அது மங்கலாக இருந்தது.

மதியம் சுற்றறிக்கை வந்தது. "கீழ்நிலை ஊழியரின் வெளிச்சம் மேல்நிலை அலுவலரின் வெளிச்சத்தை மிஞ்சுதல் நிர்வாக ஒழுங்குக்கு உகந்ததன்று." அதன்படி மேற்பார்வையாளருக்குக் கூடுதலாக இரண்டு ரெசிஸ்டர், துணை இயக்குநருக்கு மூன்று, இயக்குநருக்கு நான்கு. இவர்களில் யாரும் குழாய்க்குள் இறங்கியதில்லை. இயக்குநர் டார்ச்சைப் பயன்படுத்தியது ஒரே ஒரு தடவை, மேசைக்கு அடியில் விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது. பதவிக்கும் தேவைக்கும் முடிச்சுப் போடுவது சின்னப் புத்தி.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் சோதனை நடந்தது. பட்டப்பகலில் திரைகளை இழுத்து மூடினார்கள். இயக்குநர் நான்கு ரெசிஸ்டர் டார்ச்சைச் சுவரில் அடித்தார். பத்து விநாடி. அறையே வெளுத்தது.

"அடேயப்பா! சார், சுவத்துல இருக்கிற விரிசல் கூடப் பளிச்சுனு தெரியுது" என்றார் துணை இயக்குநர்.

"அது விரிசல் இல்லய்யா. நம்ம துறையோட வளர்ச்சி வரைபடம்."

"அதான் சார், பளிச்சுனு தெரியுது."

பதினோராவது விநாடி டார்ச் சுட்டது. இயக்குநர் அதைத் துணை இயக்குநரிடம் கொடுத்தார். அவர் மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். அவர் ஈயக்காரரிடம் கொடுத்தார். ரேகை இல்லாத விரல்கள் அதை வாங்கிக்கொண்டன. துறையில் பொறுப்புகள் எப்போதும் இந்த வழியாகத்தான் இறங்கி வரும்.

அன்றே ஈயக்காரர் "வெளிச்ச மேம்பாட்டு நிபுணர்" ஆனார். முக்காலி போய் நாற்காலி வந்தது. சாய்மானம், இரண்டு கைப்பிடி, ஐந்து சக்கரம். இருபத்திரண்டு வருடமாக முதுகுக்குப் பின்னால் காற்று மட்டுமே இருந்த மனிதர் அவர். முதல் தடவை சாய்ந்தபோது விழுந்துவிடுவோமோ என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை. அப்புறம் அவர் நிமிரவே இல்லை.

நிபுணர் என்றால் படிவம் உண்டு. அதில் மூன்று கட்டங்கள். முன்பு இருந்த வெளிச்சம். இப்போதைய வெளிச்சம். வெளிச்சத்துக்கு வழிகாட்டிய அலுவலர். ஈயக்காரர் நான்கு ரெசிஸ்டர் டார்ச்சை எரியவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய ஒன்றோடு சேர்த்து ஐந்து பங்கு மின்சாரம். பதினெட்டாவது நிமிடம் அணைந்தது. எழுத இடம் தேடினார். ஓரத்தில் எழுதினார்: "18 நிமிடம் மட்டுமே எரியும்."

தலைமை எழுத்தர் அம்மா படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "என்ன இது, ஓரத்துல கிறுக்கல்?"

"கிறுக்கல் இல்ல மேடம். எரியுற நேரம்."

"நேரத்துக்குக் கட்டம் இருக்கா?"

"இல்லியே, அதான் ஓரத்துல..."

"கட்டத்துக்கு வெளிய எழுதினா படிவம் செல்லாது. படிவம் செல்லாதுன்னா நிபுணர் பதவி செல்லாது. பதவி செல்லாதுன்னா நாற்காலிய ஸ்டோர்ல திருப்பிக் குடுக்கணும். எப்படி வசதி?"

ஈயக்காரர் புதுப் படிவம் வாங்கினார். மூன்று கட்டங்களையும் அழகான கையெழுத்தில் நிரப்பினார். ஓரம் வெள்ளையாக இருந்தது. அவருடைய சேவையில் அவ்வளவு சுத்தமான படிவம் அதற்கு முன் போனதில்லை.

அடுத்த வாரம் தொடக்க விழா. வெளிச்சத்தை மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று இயக்குநர் முடிவெடுத்தார். தன் சொந்த டார்ச்சைக் கடைநிலை ஊழியர் ஒருவர் கையில் கொடுத்துக் குழாய்க்குள் அனுப்புவார். இதைவிடப் பெருந்தன்மை எந்தத் துறையிலும் நடந்ததில்லை. கடைநிலை ஊழியர் யார் என்று பட்டியலைப் பார்த்தார்கள். குழாய்க்குள் இறங்குகிறவர் ஒருவர்தான் இருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் ஈயக்காரர் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"வாண்ணே. நாற்காலி உன்ன விட்டுருச்சா?"

"கிண்டலா?"

"பின்ன என்ன, எந்திரிக்கவே மாட்டேங்கிறியாமே. இவர்தான் சொன்னாரு." அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இவரு இறங்குற நாள்ல எனக்கு வேற வேலையே ஓடாதுண்ணே. இதையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். நாப்பது நிமிஷம். நாப்பத்தொண்ணு ஆச்சுன்னா எந்திரிச்சு வாசலுக்கு ஓடிருவேன். நாளைக்கு நேராவே வந்து பாக்கப் போறேன். முன்வரிசை குடுத்திருக்காங்க."

ஈயக்காரர் தண்ணீரைக் குடித்தார். சொல்ல வேண்டியது தொண்டை வரைக்கும் வந்தது. தண்ணீரோடு இறங்கிவிட்டது.

"மாப்ள, உன் பழைய டார்ச்சையும் பையில போட்டுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

"எங்க மச்சான்? ஸ்டோர்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க. பழசக் குடுத்தாத்தான் புதுசாம். ஆளுக்கு ஒரு டார்ச்தானாம், கையெழுத்து வேற."

விழா காலை பத்து மணிக்கு. குழாய் மூடியைச் சுற்றிப் பந்தல். மூடிக்கு ரிப்பன். மேடையில் ஐந்து நாற்காலி, அதில் ஓரத்து நாற்காலி ஈயக்காரருடையது. சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் கையில் வாக்கி டாக்கி, அதன் வாயருகே மைக். கீழே இருந்து வரும் குரல் எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பது இயக்குநரின் ஏற்பாடு. வெளிப்படைத்தன்மையில் துறைக்கு நிகர் கிடையாது.

இயக்குநர் கையுறை போட்டுக்கொண்டு டார்ச்சை நீட்டினார். மாப்பிள்ளை துண்டைச் சுற்றி வாங்கினார். ஏணியில் ஒரு காலை வைத்தவர் மேடையை அண்ணாந்து பார்த்தார்.

"மச்சான், இது எவ்வளவு நேரம் எரியும்?"

ஈயக்காரர் முதுகை நாற்காலியிலிருந்து எடுத்தார். இயக்குநர் திரும்பினார். துணை இயக்குநர் திரும்பினார். தலைமை எழுத்தர் அம்மா கையிலிருந்த கோப்பைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஓரம் வெள்ளையாக இருந்தது.

"போதுமான அளவு" என்றார் ஈயக்காரர்.

கைதட்டல். மாப்பிள்ளை தலையாட்டிவிட்டு இறங்கினார். ஈயத்துக்கு மச்சானைக் கேட்டால் போதும் என்று நம்பியே பழகியவர் அவர்.

மூன்றாவது நிமிடம் இயக்குநர் வாக்கி டாக்கி அருகே குனிந்தார். "வெளிச்சம் எப்படி இருக்கு?"

"பகல் மாதிரி இருக்கு சார்" என்றது ஒலிபெருக்கி.

மறுபடி கைதட்டல். ஒரு பத்திரிகைக்காரர் "பகல் மாதிரி" என்பதை எழுதி அடிக்கோடிட்டார். பேச்சுகள் தொடங்கின. மேற்பார்வையாளர் துணை இயக்குநரைப் பாராட்டினார். துணை இயக்குநர் இயக்குநரைப் பாராட்டினார். இயக்குநர் எழுந்து வெளிச்சத்தைப் பாராட்டினார்.

ஈயக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். பதினாறு. முன்வரிசையில் தங்கையும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு நாற்பது. அவளுக்கு இன்னும் பயம் வரவில்லை.

"இந்தத் துறை ஏற்றிய வெளிச்சம் என்றுமே..." என்று இயக்குநர் கையை உயர்த்தினார்.

பதினெட்டு.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"மச்சான், லைட்டு போச்சு."

இயக்குநரின் கை உயர்ந்தபடியே நின்றது. தங்கை எழுந்துவிட்டாள். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள். இருபதாவது நிமிடம் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது.

"தடவிக்கிட்டே வந்தேன். பிரியுற இடம்னு நினைக்கிறேன், கைக்குச் சுவரக் காணோம். டார்ச்சத் தட்டிப் பாக்கிறேன்னு ஒரு தடவ திரும்பிட்டேன். எது எந்தப் பக்கம்னே தெரியல."

துணை இயக்குநர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் ஈயக்காரரைப் பார்த்தார். வாக்கி டாக்கியின் பொத்தான் ஈயக்காரரின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அழுத்தினால் பேசலாம். நாற்காலி மெல்லப் பின்னால் உருண்டது. சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டிருந்ததால் சத்தமே இல்லை.

பந்தல் முழுவதும் அந்தக் குரல் ஒருமுறை மூச்சு வாங்கியது.

"மச்சான், போதுமான அளவு எரியும்னு சொன்னியே. யாருக்குப் போதுமான அளவு?"