இருநூறு கதிரையும் என் மரியாதையும்

மண்டூர்,
24.10.2010

அன்பு மச்சான் வினாயகமூர்த்திக்கு,

உன் அக்கா இரத்தினம்மாவும் நானும் முருகன் புண்ணியத்தில் சுகம். சுவிஸ் குளிரில் நீயும் குடும்பமும் அப்படியே இருக்க வேண்டும். கூரைக்கு ஓடு போட நீ அனுப்பிய காசு கிடைத்தது. ஓடு இன்னும் போடவில்லை. காரணத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன், கடிதம் முடியும்வரை கோபப்படாதே.

சண்டை முடிந்ததும், தள்ளிப்போன கலியாணமெல்லாம் இங்கே ஒன்றாக வந்துவிட்டது. வைகாசியில் பக்கத்து வளவுச் சீனித்தம்பியின் மகளுக்குக் கலியாணம். ஊர் முழுக்க வெற்றிலை வைத்து அழைத்தார்கள், எங்கள் படலையை மட்டும் யாரும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் பாயசம் மணக்க, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மேளம் கேட்டேன். மறந்திருப்பார்கள் என்றாள் உன் அக்கா. முப்பது வருடம் வீடு வீடாகத் தபால் கொடுத்தவனை மறக்கலாமா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஓடு வாங்க ஓட்டமாவடிக்குப் போனால், றவூப் முதலாளியின் கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன. கதிரை இல்லாமல் எவன் கலியாணம் செய்வான் என்று யோசித்தேன். வாடகைக்கு விடலாம் என்று இருநூறு வாங்கிவிட்டேன். லொறி வந்து நின்றதும் உன் அக்கா சொன்னது இவ்வளவுதான்: “ஓடு வரும் எண்டு பாத்தா கதிரை வருது. மழை பெஞ்சா இதைத்தான் தலையில கவுத்துக்கிட்டு இரிக்கணும்.”

ஆனால் அடுத்த மகளின் கலியாணத்துக்குச் சீனித்தம்பி முதல் வெற்றிலையை எனக்கு வைத்து, “அண்ணன், நீங்க வராம என்ன கலியாணம்,” என்றான். தோளில் கைபோட்டவனிடம் வாடகை கேட்க எனக்கு வாய் வரவில்லை, சொந்த ஆளுக்குக் கொடுக்க அவனுக்கும் தோன்றவில்லை. மற்றவர்களும் அப்படியே. இதுவரை ஒன்பது கலியாணம் சாப்பிட்டேன், நாலு கிலோ ஏறினேன், பதினெட்டுக் கதிரைக்குக் கால் போனது. இப்போது மழை தொடங்கிவிட்டது. உன் அக்கா அரிசிப் பெட்டியின்மேல் கதிரையைக் கவிழ்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். திட்டினாலும் பரவாயில்லை, இதுதான் தாங்கவில்லை. கதிரைகளை றவூப் திருப்பி எடுக்கிறார், நாளை லொறி வரும். அந்தக் காசில் இந்த மாதமே கூரை போடுவேன். சத்தியம்.

பிள்ளைகள் நிலோஜனுக்கும் தக்ஷாயினிக்கும் எங்கள் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
கோணாமலை

பி.கு: கடிதத்தை ஒட்டும்போது கேதீஸ்வரி டீச்சர் மகளின் கலியாணத்துக்கு வெற்றிலை வைக்க வந்தார். எத்தனை கதிரை வேண்டும் என்று கேட்டேன். “கதிரை வேணாம் அண்ணன், துணி போட்ட கதிரைக்கு வெளியில சொல்லிட்டம். நீங்களும் அக்காவும் வந்தாலே போதும்,” என்றார். என் கதிரையை ஒதுக்கிவிட்டார்கள், மச்சான். லொறியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மிச்சம் நூற்றெண்பத்திரண்டு கதிரைக்கும் சிவப்புத் துணி தைக்க வேண்டும், முடிந்ததை அனுப்பு. அக்காவிடம் ஓட்டுக்கு என்று சொல்.