லோரி கவிழாமைக் குழுவின் சாதனை

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல், அதை வானம் பார்க்க விடாமல் காத்த பெருமை எங்கள் கம்பெனி ஒன்றுக்கே உரியது. 1983இல் மலேசியாவின் ஈப்போ நகரில் அமைந்த ‘லோரி கவிழாமைக் குழு’வின் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவுடன் அறிவிக்கிறேன்.

அவ்வாண்டு ஹுத்தான் மெலிந்தாங் சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய எங்கள் லோரிகள் மூன்று கவிழ்ந்தன. மனேஜர் சதாசிவம் மனமுடைந்து போனார். குலைகள் நசுங்கிவிட்டனவாம்.

குழு கூடியது. கறிபாப் பலகாரம் பரிமாறப்பட்டது. மூன்றாவது லோரியின் டிரைவர் ஐயாவு, கையில் மாவுக்கட்டோடு வந்து நின்றார்.

“ஏன்யா கவுத்தே?” என்றார் சதாசிவம்.

“நான் எங்கய்யா கவுத்தேன்? பக்கப் பலகைக்கு மேல இன்னும் ரெண்டு பலகை அடிச்சி ஏத்தச் சொன்னது நீங்க. லோரிக்குத் தல கனம். வளைவுல மெதுவாப் போலாம்னா, ஒரு நாளைக்கு ஆறு நடை ஓடணுங்கிறீங்க. சாயாம என்னா செய்யும்லா?”

“குறை சொல்லாதே. வழி சொல்லு.”

“மேல் பலகையக் கழட்டுங்க. நாலு நடை போதும்.”

இவ்வளவு எளிய யோசனையை ஒரு குழு எப்படி ஏற்கும்? டிரைவர்களுக்கு ‘நிமிர்ந்து உட்காரும் பயிற்சி’ அளித்தோம். எல்லா லோரிகளிலும் ‘கவிழாதீர்’ என்று மூன்று மொழிகளில் எழுதினோம். நான்காவது லோரி கவிழ்ந்தபோது, தலைகீழாக இருந்தும் எழுத்து தெளிவாகத் தெரிந்தது. பெயிண்டரைப் பாராட்டிக் கடிதம் அனுப்பினேன்.

பிறகுதான் சதாசிவத்துக்கு ஞானம் பிறந்தது. லோரிகளை டிரைவர்கள் பெயருக்கே மாற்றினார். அவர்கள் இனி வேலையாட்கள் அல்லர், ‘தொழில் பங்காளிகள்’.

“அப்ப பலகைய நானே கழட்டலாமா?” என்று ஐயாவு கேட்டார்.

“தாராளமா. கொறச்சலா ஏத்திட்டு வந்தா எண்ணெ மில்லுக் கதவு தொறக்காது, அவ்ளோதான்.”

மறு ஆண்டு எங்கள் லோரி ஒன்றுகூடக் கவிழவில்லை. பாதுகாப்புக் கேடயம் கிடைத்தது. அதே வாரம் ஐயாவு, தம் பெயரிலிருந்த குலை லோரிக்கு அடியில் சிக்கி இறந்துபோனார்.

அவர் மனைவி செல்லாயி ஆபீசுக்கு வந்தார். “ஒங்க லோரிதான் எம் புருசனக் கொன்னுடுச்சி.”

“நம்ம லோரி எதுவும் கவிழலையே, அக்கா.” பதிவேட்டைத் திறந்து காட்டினேன்.

“யாரு எழுதுனது?”

“நான்தான்.”

அவர் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தார். “கவிழலன்னா, அவரு ஏன் இன்னும் வீட்டுக்கு வரல?”

மிகச் சிறப்பாகத் தயாரிக்கப்பட்ட பதிவேடு அது. அவர் கேள்விக்குப் பதில் எழுத மட்டும் அதில் நான் கட்டம் போடவில்லை.