குழாயைத் தொடாத மரம்

"இலை கொட்டுமா?" என்று தமாயோ கேட்டாள்.

மியாகே வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். சாப்பாட்டு மேசை முழுவதையும் அது அடைத்துக்கொண்டிருந்தது. நீலத்தில் தண்ணீர்க் குழாய், பழுப்பில் கழிவுநீர்க் குழாய், மஞ்சளில் எரிவாயுக் குழாய். வாசல் பக்கத் தோட்டத்தில் ஒரு சிவப்பு வட்டம். மரம் வரப்போவது அங்கேதான். கிண்ணத்தை வைக்க இடமில்லாமல் அவர் மனைவி சூப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேப்பிள்னா கொட்டாம இருக்குமா? அதுக்கு முன்னாடி செவப்பா எவ்வளவு அழகா இருக்கும்!"

"கொட்டினா யாரு கூட்டுவா?"

"கூட்டிட்டாப் போச்சு."

"யாருன்னு கேட்டேன்."

மியாகே பட்டியலில் மேப்பிளை அடித்தார்.

அவர் நாற்பது வருஷம் மாநகராட்சிக் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்த்தவர். ஊரிலுள்ள மரங்களெல்லாம் கூடிப் பேசிவைத்துக்கொண்டு குழாய்களைத் தாக்க வருகின்றன என்று மனப்பூர்வமாக நம்புகிறவர். ஒருமுறை பள்ளிக்கூட வாசல் குழாய்க்குள்ளிருந்து எட்டு மீட்டர் வில்லோ வேரை ஒரே இழுப்பில் உருவியெடுத்தார். கல்யாணப் போட்டோ அலமாரிக்குள் இருக்கிறது. அந்த வேரோடு அவர் நிற்கிற போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒகயாமாவின் இந்த மேட்டுக் குடியிருப்பில் வீடு வாங்கிய புதிதில், தமாயோ ஒரே ஒரு யூசு எலுமிச்சை மரம் வைக்கலாமா என்று கேட்டாள். குளிர்காலத்தில் குளிக்கிற தொட்டியில் நாலு பழம் மிதக்கவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. மியாகே அவளை உட்காரவைத்து, வேருக்கும் குழாய்க்குமான விரோதத்தை நாற்பது நிமிஷம் விளக்கினார். அப்புறம் அவள் கேட்கவில்லை. தோட்டத்தில் ஜல்லி கொட்டினார்கள்.

மார்ச் மாதம் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த பூங்கொத்தோடு பேருந்தில் வரும்போது அந்த யூசு திடீரென்று ஞாபகம் வந்தது. அவள் கேட்டபோது இருந்த முகமும், பாடம் முடிந்தபோது இருந்த முகமும் ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மரம் நட்டுவிட்டால் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. மிச்சமிருக்கிற காலத்தில் இரண்டு பேரும் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து அதைப் பார்க்கலாம்.

"தோட்டத்துல ஒரு மரம் வைப்போம். நாம ரெண்டு பேரும் பாக்க" என்று அன்றிரவே சொன்னார்.

தமாயோ அவர் பக்கம் திரும்பினாள். "இப்பவா?" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். மியாகே அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அவர் எதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

ஏப்ரலில் யூசுவையே முன்வைத்தார். பெரிய மனசு செய்கிறோம் என்ற நினைப்பில் குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ அன்னிக்குக் கேட்டதையே வச்சிருவோம். வேர் விஷயத்துல அது அவ்வளவு மோசமில்லைன்னு இப்ப படிச்சேன்."

"யூசு காய்க்குமே."

"காய்க்கத்தானே வைக்கிறோம்?"

"காய்ச்சா பறிக்கணும். முள்ளு குத்தும். பறிச்சதை என்ன பண்றது? உங்களுக்கு ஜாம் போடத் தெரியுமா?"

"எனக்கு எதுக்குத் தெரியணும்?"

"அதான்" என்று தமாயோ எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

அடுத்து ஆலிவ். அதற்கும் கேள்வி வந்தது.

"காத்தடிச்சா சாயும், கம்பு கட்டணும். அடிமரத்துல வண்டு துளைக்கும், வாராவாரம் குனிஞ்சு பாக்கணும். நீங்க சாக்ஸ் போடவே சுவரைப் பிடிச்சுக்கிறீங்க."

"நீ பாக்க மாட்டியா?"

தமாயோ அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். பாவம், இவளுக்கு வயசாகிவிட்டது, வேலைக்குப் பயப்படுகிறாள் என்று மியாகே இரக்கப்பட்டார். இரக்கப்படுவது அவருக்குப் பிடித்திருந்தது.

எந்த மரம் என்று முடிவாகும்வரை சும்மா இருப்பானேன் என்று, மே மாதம் வேர்த்தடுப்பு வேலையை ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, கெட்டியான பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றிலும் இறக்குவது திட்டம். இன்னும் வாங்காத மரத்தின் இன்னும் முளைக்காத வேருக்குச் சிறைச்சாலை தயாரானது.

மூன்றாம் நாள் சுவருக்கு அடியிலிருந்து மணிக்கட்டுப் பருமனில் ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு இசோபே அம்மாவின் கின்மொகுசே மரத்து வேர். அக்டோபரில் அந்த மரம் பூத்தால் தெருவே மணக்கும். மியாகே ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டார்.

ஜூலையில் அந்த மரத்து இலையெல்லாம் மஞ்சளாயிற்று. இசோபே அம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எழுபது வயது, தனியாக இருப்பவள்.

"மியாகே சார், என் மரத்தை ஏதாவது பண்ணீங்களா?"

"வேர் எங்க பக்கம் வந்திருந்துது. கிளை தாண்டினாத்தான் உங்களைக் கேக்கணும். வேர் தாண்டினா கேக்காமலே வெட்டலாம். சட்டத்துலயே இருக்கு, எண் வேணும்னா எழுதித் தரேன்."

"அது எங்க வீட்டுக்காரர் நட்டது" என்று சொல்லி அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

தமாயோ கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாகிட்டப் போயி சட்டமா பேசினீங்க?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"எங்கிட்டயும் இத்தனை வருஷமா உள்ளதைத்தான் சொன்னீங்க."

மியாகேவுக்கு அது பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை. மறுநாள் நல்ல கடையில் ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டு இசோபே வீட்டுக்குப் போனார். பெட்டி பிரிக்காமலேயே அவர் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. மரத்தைப் பிழைக்கவைத்துவிட்டால் கோபம் தணியும் என்று கணக்குப் போட்டு, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து உரம் போட்டார். கொஞ்சம் போட்டால் கொஞ்சம் பிழைக்கும், மூட்டையாகப் போட்டால் முழுசாகப் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. ஒரே வாரத்தில் மிச்சமிருந்த இலையும் உதிர்ந்து அவள் வீட்டுக் கூரைத் தண்ணீர் போகிற வழியை அடைத்தது.

உரத்தைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று மண்வெட்டியை ஓங்கிப் போட்டபோது தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது.

பழுதுபார்க்க வந்தவர்கள் அவரிடம் வேலை கற்றவர்கள். தலைவன் சினெமுரா வரைபடத்தைப் பார்த்தான், பள்ளத்தைப் பார்த்தான், நனைந்து நிற்கிற மியாகேவைப் பார்த்தான்.

"ஐயா, நீலக் கோட்டுக்கும் குழாய்க்கும் ஒரு மீட்டர் தள்ளியிருக்கே. யாரு போட்ட படம் இது?"

"பழைய படம்" என்றார் மியாகே.

"கீழ உங்க கையெழுத்து இருக்குங்க, ஐயா. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா? புதுசா சேந்தவங்களுக்குப் பாடம் எடுக்க உதவும்."

தமாயோ வந்தவர்களுக்குக் குளிர்ந்த பார்லித் தேநீர் கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று மியாகேவுக்கு இருந்தது.

செப்டம்பரில் புயல் வந்தது. வேரைத் தடுக்க இறக்கிய தகடு மழைத் தண்ணீரையும் ஒழுங்காகத் தடுத்தது. தோட்டம் தொட்டியாகி, தொட்டி நிரம்பி, தண்ணீர் வீட்டுத் தரைக்கு அடியில் புகுந்தது. தரையில் பதித்திருந்த தடித்த பாயெல்லாம் ஊறிப்போயிற்று. இரண்டு பேரும் வாளியால் இறைத்தார்கள்.

"ஒண்ணு பாத்தியா? வேரால மட்டும் இன்னிவரைக்கும் ஒரு தொல்லையும் வரலை" என்றார் மியாகே.

"மரம்தான் இன்னும் வரலையே" என்றாள் தமாயோ.

வெயில் வந்ததும் அவள் ஈரப் பாய்களை வெளியில் நிறுத்திவிட்டு, கை துடைத்துக்கொண்டு இசோபே வீட்டுக்குப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. தன் பொருட்டு மன்னிப்புக் கேட்டு அழுதிருக்கிறாள் என்று மியாகே நெகிழ்ந்துபோனார். பலனும் கைமேல் கிடைத்தது. மறுநாள் காலையில் இசோபே அம்மாவே பூசணிக்காயை இனிப்பாக வேகவைத்து மூடி எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"சாப்பிடுங்க மியாகே சார். உடம்பைப் பாத்துக்குங்க. எந்த நேரமா இருந்தாலும் பரவால்லை, ஏதாவது வேணும்னா சுவர்ல தட்டுங்க."

"மரத்து விஷயத்துல நான்..."

"மரம் கிடக்கட்டும் சார். மரம் போனா என்ன."

மியாகே பூசணிக்காயை உள்ளே கொண்டுவந்து வெற்றிவீரனைப் போல மேசையில் வைத்தார். "கோபம் போயிட்டுது பாத்தியா? மனுஷங்க நல்லவங்கதான். கொஞ்சம் பொறுமை வேணும்."

"ஆமா" என்றாள் தமாயோ. "வெள்ளிக்கிழமை பாட்டில் குப்பை. நீங்கதான் போடணும், மறக்காதீங்க."

கோடையிலிருந்தே அவள் குப்பை போடுகிற கிழமைகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். துணி துவைக்கிற இயந்திரத்தின் பொத்தான்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் ஒட்டியிருந்தாள். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைகளை மனைவிமார் பழக்குகிற விதம் இது என்று மியாகேவின் பழைய சகாக்களும் சொல்லியிருந்தார்கள். அவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

அக்டோபர் கடைசியில் அவளாகவே ஒரு மரத்தின் பேரைச் சொன்னாள்.

"நாற்றுப் பண்ணை உசாமிகிட்டக் கேட்டேன். சொயோகோன்னு ஒண்ணு இருக்காம். ரொம்ப மெதுவா வளருமாம். இலையும் அவ்வளவா கொட்டாதாம்."

மியாகே புத்தகத்தைப் புரட்டினார். பசுமை மாறாது. வேர் அடக்கமானது. பூச்சி குறைவு. பத்து வருஷத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் போதும். நாற்பது வருஷ அனுபவத்தில் இப்படி ஒழுக்கமான மரத்தை அவர் பார்த்ததில்லை. இரண்டாம் முறையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ சொன்னதுதான் சரி" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை அவர் சொன்னதில்லை. சொல்லிப் பார்க்கையில் அவ்வளவு கஷ்டமாக இல்லை. முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார். தமாயோவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கடைசியில சொல்லிட்டீங்க" என்றாள்.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று மியாகேவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை உசாமி சின்ன லாரியில் மரத்தைக் கொண்டுவந்தான். தமாயோ வீட்டில் இல்லை. தகமாட்சுவில் இருக்கிற அக்காவைப் பார்க்க முந்தின நாளே போயிருந்தாள். அவள் திரும்பி வந்து பார்க்கும்போது மரம் நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று மியாகே அவசரப்பட்டார். வேர்ப்பந்தை அவரே கட்டிப்பிடித்துக் குழியில் இறக்கினார். முதுகு பிடித்துக்கொண்டது. அதையும் பொருட்படுத்தவில்லை.

இரண்டு ஆள் உயரம். பளபளவென்று இலை. காற்று வந்தபோது சலசலவென்று சத்தம் கேட்டது. கூடத்திலிருந்து பார்த்தால் மரம் நேராகத் தெரிகிறதா என்று உள்ளே ஓடிப் பார்த்தார். தெரிந்தது. இரண்டு உட்காரும் மெத்தைகளை அதற்கு நேராகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு, மறுபடி வெளியே வந்தார். அறுபத்தைந்து வயதில் மனசு இப்படிக் குதிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

உசாமிக்குத் தேநீர் கொடுக்கலாமென்று பார்த்தால் டப்பா இருக்கிற இடம் தெரியவில்லை. வெறும் வெந்நீரைக் கொண்டுவந்து கொடுத்தார். உசாமி நல்லவன், முகம் சுளிக்காமல் குடித்தான்.

"கோடையில தினமும் தண்ணி ஊத்தணுமா?" என்று மியாகே கேட்டார். "எங்க வீட்டம்மா கேட்பாங்க. இப்பவே தெரிஞ்சு வச்சுக்கணும்."

உசாமி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அம்மா அதெல்லாம் ஜூன் மாசமே கேட்டுட்டாங்க சார். 'டிசம்பர்லேர்ந்து இந்த வீட்டுல ஒரு ஆம்பளை தனியா இருக்கப்போறாரு, ஒண்ணும் தெரியாதவரு, தண்ணி ஊத்த மறந்துட்டாலும் சாகாத மரமாப் பாத்துக் குடுங்க'ன்னாங்க. ஆமா, வீட்டை யாருக்கு சார் வாடகைக்கு விடுறீங்க?"